மூன்றாவது முறை புகை வர வேண்டும்

கோளாறை நேரில் காணாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. காணாத கோளாறுக்காக மாற்றிய பாகத்துக்கு மாற்றியவரே பொறுப்பு. அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றின் மின்பிரிவில் நான் சேர்ந்தபோது கையில் கொடுத்த நடைமுறை விதிகளில் இதுவும் ஒன்று. எழுதியவர் யாரென்று தெரியாது. பொறுப்பு என்ற சொல்லை விதியின் கடைசியில் கொண்டுபோய் வைத்த விதத்தைப் பார்த்தால், ஒரு முறையாவது மெமோ வாங்கிய கை என்று தோன்றும். அந்தப் பிரிவின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்த விதி மீறப்படுவதைத்தான் அதிகம் பார்த்தேன். மதிக்கப்பட்ட நாட்கள் குறைவு. அந்த நாட்களில் வீட்டுக்கு நேரத்தோடு போனேன்.

பழைய கார்களுக்கு மின்வேலை பார்க்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஸ்கேனரைச் செருகினால் தன் கோளாறைத் தானே சொல்லும் வண்டிகளில் தொழில் படித்தவர்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அறுபது எழுபது வயதான காருக்கு வாய் கிடையாது. அது புகைவிட்டுத்தான் பேசும். அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு பேச்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு, பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று என்னைத் தொழில்நுட்ப ஆலோசகனாக வைத்துக்கொண்டது. ஆலோசகன் என்றால் கூட்டத்தில் நாற்காலி உண்டு, டீ உண்டு, ஓட்டு கிடையாது. அந்தச் சங்கத்திடம் அங்கீகாரம் பெற்ற வேலைக்காரர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பெயின்ட் அடிப்பவர், டிங்கர் வேலை செய்பவர், சீட் தைப்பவர், எலெக்ட்ரீஷியன். பட்டியலில் இல்லாத ஆளிடம் எந்த உறுப்பினரும் வண்டியைக் கொடுக்க மாட்டார். ஊரில் இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் உறுப்பினர்களிடமே இருந்ததால், பட்டியலிலிருந்து பெயர் போனால் பிழைப்பும் போயிற்று என்று பொருள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சங்கத்தின் தொழில்நுட்பக் குழு நிறைவேற்றிய தீர்மானம் என் மின்னஞ்சலுக்கு வந்தது. நயாஸ் என்ற எலெக்ட்ரீஷியனின் பெயர் நீக்கப்படுகிறது. காரணம்: அவர் புதிதாக வயரிங் செய்துகொடுத்த கார் இரண்டு முறை புகைந்தது. ஆலோசகரின் கையெழுத்துக்காகக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, கோளாறு நேரில் காணப்பட்டதா என்று ஒரு கேள்வி. அதில் ‘ஆம்’ என்பதை யாரோ முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள்.

குழுத் தலைவரை அழைத்தேன். காபித் தோட்டக்காரர். கன்னடம் பேசுகிறவர், என்னோடு மட்டும் தமிழ் பேசுவார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கு உள்ள அவசரமும் அவருக்கு உண்டு.

“கோளாறை யார் சார் பார்த்தது?” என்றேன்.

“எல்லாருமே பார்த்தோமே. போன மாசம் மீட்டிங்ல டாக்டரம்மா வண்டிய ஸ்டார்ட் பண்றப்போ டேஷ்போர்டு அடியிலேர்ந்து புகை. நானே ஓடிப்போய் பேட்டரியக் கழட்டினேன்.”

“புகையப் பார்த்தீங்க. கோளாறப் பார்த்தீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே ஸ்வாமி?”

“ஒண்ணா இருந்தா எனக்குச் சம்பளமே கொடுத்திருக்க மாட்டாங்க.”

“ஞாயித்துக்கிழமை ராலி. பட்டியல் அச்சுக்குப் போகணும். சும்னே ஒரு சைன் போட்டுடுங்க.”

சும்னே, அதாவது சும்மா, போட முடியாது என்றேன். கோளாறை யாராவது நேரில் பார்க்கட்டும், அது நயாஸின் கைவேலையிலிருந்து வந்தது என்றால் அன்றே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். ஞாயிறு வரை உங்களுக்கு நேரம், அதன் பிறகு உங்கள் கையெழுத்து இல்லாமலே அச்சாகும் என்றார். விதிப்படி அப்படி அச்சாக முடியாது. ஆனால் அச்சுக்கூடத்துக்கு அந்த விதி தெரியாது.

நயாஸின் ஷெட் ஜீவனஹள்ளியில், ஒரு சந்தின் முனையில். நான் போனபோது உள்ளே ஒரே ஒரு கார்தான் நின்றது. ரிச்சர்ட்ஸ் டவுன் பல் டாக்டர் ஸ்டெல்லாவின் கார், ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வண்டி, ஆலிவ் பச்சை. வழக்கமாக மூன்று வண்டி நிற்கும் இடம் அது.

“மத்த ரெண்டு எங்க?” என்று கேட்டேன்.

“நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். ஒருத்தர் சொல்றாரு, வேலை பாதியில இருந்தாலும் பரவாயில்ல, முழுசா எரியறதுக்குப் பாதி மேல்னு.” நயாஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். தன் வேலையைத் தானே புகழ்வதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. அன்று புகழவில்லை. “ஹெப்பகோடியில ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்டுக்கு ஆள் எடுக்கறாங்க. மச்சான் சொல்லி வெச்சிருக்கான். திங்கக்கிழமை சேரணும். ஒயரைத் தொட வேணாமாம். டப்பாவுல ஸ்டிக்கர் ஒட்டணுமாம்.”

“போறியா?”

“பட்டியல்ல பேரு இருந்தா எதுக்குப் போறேன்? இல்லைன்னா ஷெட் எதுக்கு?”

டேஷ்போர்டின் அடித்தகட்டைக் கழற்றி வயரிங்கைக் காட்டினான். எத்தனையோ பேருடைய வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். குறை கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வயரும் துணி நாடா சுற்றி, கிளிப்பில் உட்கார்ந்து, எங்கும் உராயாமல் போயிற்று. இரண்டாவது புகைக்குப் பிறகு வெட்டியெடுத்த கருகிய துண்டுகளையும் எண்ணெய் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தான்.

“ஃபியூஸ் ஒண்ணும் போகல சார். ஒயர்ல ஷார்ட்டுன்னா ஃபியூஸ் போகணுமா வேணாமா? இத அந்தக் கமிட்டிக்காரங்க கிட்டச் சொன்னா, ஃபியூஸையும் நீதான போட்டேங்கறாங்க.”

கருகிய துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தனக்குள் ஓடும் மின்சாரத்தால் சூடான வயர் சுற்றிலும் ஒரே மாதிரி உருகும். இவை ஒரு பக்கம் மட்டும் உருகியிருந்தன. எதன் மீதோ சாய்ந்து சுட்டுக்கொண்டவை. அதாவது வயர் சுடவில்லை, வயரைத்தான் எதுவோ சுட்டிருக்கிறது. எது என்று அந்தத் துண்டுகள் சொல்லவில்லை.

“இப்ப ஸ்டார்ட் பண்றேன், பாருங்க” என்றான். டாக்டரின் பேட்டரி சார்ஜில் இருந்தது. ஷெட்டின் பெரிய பேட்டரியைச் சக்கரப் பலகையோடு உருட்டி வந்தான். ஜம்பர் கேபிளின் சிவப்புக் கிளிப்பை அதன் இடத்தில் மாட்டினான். கறுப்புக் கிளிப்பை எஞ்சின் இரும்பில் கடிக்க வைத்தான். பொத்தானை அழுத்தினான். எஞ்சின் ஒரு சுற்றில் பிடித்தது. அணைத்தான், போட்டான், அணைத்தான், போட்டான். புகை இல்லை.

“எங்க சார் புகை? நக்கோ சார், வேணாம் இந்தப் பழி எனக்கு.” துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தான். “வேணும்னா மொத்த வயரிங்கையும் கழட்டிப் புதுசு போட்டுடறேன். ராத்திரி பகல் உக்காந்தாவது முடிக்கறேன்.”

வேண்டாம் என்றேன். நீங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் மாட்டிய நல்ல வேலைக்காரன் செய்ய நினைக்கும் முதல் காரியம் இன்னும் அதிக வேலை. அது உழைப்பு போலத் தெரியும், உண்மையில் அது பயம். முழுதும் மாற்றிய பிறகும் புகைந்தால் அவன் ஒழிந்தான். மாற்றிய பிறகு புகையாவிட்டால் இன்னும் மோசம். எதனால் புகைந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது, அடுத்த தடவை வண்டிக்குள் ஆள் இருக்கலாம்.

அந்த ஷெட்டில் நின்றுகொண்டு ஒன்றை மட்டும் யோசித்தேன். அதே வண்டி, அதே வயர். இங்கே ஒரு தடவைகூடப் புகையவில்லை. ஒரு தடவை டாக்டரின் வீட்டில் புகைந்திருக்கிறது, ஒரு தடவை சங்கக் கூட்டத்தில். இடம் மாறும்போது எதுவோ மாறுகிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது ஊகிக்கக் கூடாது. புகைந்த இடத்தில், புகைந்த விதத்தில், மறுபடியும் புகைய வைக்க வேண்டும்.

“நாளைக்குச் சாயங்காலம் வண்டிய அவங்க வீட்டுல கொண்டுபோய் விடு. அவங்க பேட்டரியையே போட்டு. வியாழக்கிழமை காலையில நான் வரேன், நீயும் வா.”

“புகைஞ்சுதுன்னா?”

“புகையணும்.”

நயாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நல்ல ஆளப் புடிச்சேன் சார் நானு” என்றான்.

டாக்டர் ஸ்டெல்லாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. அவருடைய கிளினிக் ரிச்சர்ட்ஸ் டவுனில், வீட்டின் முன்னறையில். பல் மாதிரிகளுக்கு நடுவே, முந்தைய வருடம் சங்கம் கொடுத்த சிறந்த எஞ்சின் அறைக்கான கோப்பை நின்றது. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் எனக்கு நேரம் கொடுத்தார்.

“நயாஸுக்காகப் பேச வந்தீங்களா?”

“இல்ல டாக்டர், வண்டிக்காக.”

“அவன் நல்ல பையன்தான். ஆனா பொய் சொல்றான். ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வந்து, ஷெட்ல நல்லா ஓடிச்சு மேடம்ங்கறான். அப்ப நான் என்ன, வண்டியில உக்காந்து சிகரெட் பிடிச்சேனா?”

“அவன் சொல்றதும் உண்மை, நீங்க சொல்றதும் உண்மை. அதான் எனக்குப் பிரச்சினை.” வியாழக்கிழமை காலை அவரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வழக்கமாகச் செய்வதுபோலவே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றேன். புகை வந்தாலும் நான் சொல்லும்வரை விரலை எடுக்கக் கூடாது என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். “என் வண்டியக் கொளுத்திப் பார்க்கணுங்கறீங்க.”

“பல் வலின்னு ஒருத்தர் வந்தா எந்தப் பல்லுன்னு தட்டிப் பார்ப்பீங்களா, இல்ல நேராப் பிடுங்குவீங்களா?”

“தட்டித்தான் பார்ப்பேன்.”

“தட்டினா வலிக்காதா?”

“வலிக்கும். வலிச்சாத்தான தெரியும்.” சொல்லிவிட்டு, தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கே புரிந்தது. “நல்லாத்தான் பேசறீங்க. தீயணைப்பான் ரெண்டு வேணும். ஒண்ணு என் கைக்கு எட்டற இடத்துல. வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பல்லு எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன், மரத்துப்போற ஊசி போடாம.”

வியாழக்கிழமை காலை குளிர் இருந்தது. எனக்கு வேண்டியதும் குளிர்தான். வண்டி இரவு முழுக்கப் போர்ட்டிகோவில் நின்று ஆறியிருந்தது. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் ஒரு முனையை விரலால் உருவும் அளவுக்குத் தளர்த்தி, நயாஸைத் தடித்த கையுறையோடு அதன் பக்கத்தில் நிறுத்தினேன். நான் சொன்னால் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். நான் சொல்வதற்கு முன்னால் கழற்றக் கூடாது. டாக்டர் இருக்கையில். நான் வண்டியின் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை டேஷ்போர்டின் அடியில் வைத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் இந்த நிலையில் என்னை யாராவது பார்த்தால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள்.

“சோக்க இழுக்கட்டுமா?” என்றார் டாக்டர்.

“தினமும் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க.”

குளிர்ந்த எஞ்சினுக்கான சோக் குமிழியை முழுதும் இழுத்தார், பொத்தானை அழுத்தினார். ஷெட்டில் துள்ளிய எஞ்சின் இங்கே முனகியது. மெதுவாக, சளி பிடித்தவன் இருமுவதுபோல. என் கண் வயரிங் கட்டின் மேல் இருந்தது. ஒன்றும் இல்லை. எஞ்சின் இன்னும் முனகியது. முதலில் வாடை வந்தது, சூடான எண்ணெயின் வாடை. பிறகு ஒரு நூல் புகை என் நெற்றிக்கு மேலே கிளம்பியது.

“சார், கழட்டறேன்!” நயாஸ் கத்தினான்.

“கழட்டாத.”

“சார்!”

“கைய வெச்சுக்கோ, கழட்டாத. டாக்டர், விரலை எடுக்காதீங்க.”

வயர்கள் எல்லாம் சாதுவாக இருந்தன. புகை அவற்றிலிருந்து வரவில்லை. அந்த நேரத்தில் நிறுத்தியிருந்தால் மூன்றாவது முறையாகவும் புகையை மட்டுமே பார்த்தவர்களாக எழுந்திருப்போம். டார்ச்சை அணைத்தேன். தொழிலில் நான் எடுத்த உருப்படியான முடிவுகளில் அதுவும் ஒன்று. இருட்டில், வயர்களுக்குப் பின்னால், சோக் கேபிளின் இரும்புச் சுருள் உறை மங்கலாகச் சிவந்துகொண்டிருந்தது.

“சோக் சுடுது!” என்றார் டாக்டர், கையை உதறிக்கொண்டு.

“கழட்டு!”

நயாஸ் உருவினான். எல்லாம் நின்றது. நான் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தேன். டாக்டர் தீயணைப்பானைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேனே, சோக் குமிழி சுடுதுன்னு” என்றார்.

“யாருகிட்ட?”

“உங்க தலைவர்கிட்ட. பதட்டத்துல அப்படித்தான் இருக்கும் மேடம்னாரு.”

நயாஸ் தலையைப் பிடித்துக்கொண்டான். “சோக் இறுக்கமா இருக்குன்னு கேபிள்ல எண்ணெய் விட்டேன் சார் நானு. அதான் ரெண்டாவது தடவை அவ்வளவு புகையா?”

சோக் கேபிள் மின்சாரத்துக்கானதே அல்ல. டேஷ்போர்டிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் வெறும் இழுப்புக் கம்பி. அது சிவக்கிறது என்றால், எஞ்சினைச் சுழற்றும் அத்தனை மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் அதன் வழியாகத் திரும்புகிறது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் வண்டியின் உடலையும் இணைப்பது பின்னலிட்ட ஒரு செம்புப் பட்டை, எர்த் ஸ்ட்ராப். அது வேலை செய்யவில்லை.

கீழே குனிந்து பார்த்தோம். ஸ்ட்ராப் இருந்தது. பளபளவென்று இருந்தது. போல்ட்டு இறுக்கமாக இருந்தது. அதற்கு அடியில், வண்டியின் உடலில், கண்ணாடி மாதிரி கனமான ஆலிவ் பச்சைப் பெயின்ட்டும் இருந்தது. பெயின்ட்டின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் மின்சாரம் போகாது. போல்ட்டின் மரையில் ஒட்டியிருந்த கொஞ்சம் இரும்பு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது, துரு ஏறியதும் அதுவும் போயிற்று.

“இத யாரு மாட்டினது?” என்றேன்.

“பெயின்டர் கழட்டி, அடிச்சு முடிச்சு, அப்படியே மாட்டியிருப்பாரு. எஞ்சின் அறை போட்டிக்குன்னு அடிச்சது.”

“நீ பார்க்கலையா?”

நயாஸ் அதற்கு மட்டும் மெல்லப் பதில் சொன்னான். “அது மெக்கானிக் ஐட்டம் சார். எஞ்சின்ல போல்ட்டு போட்டு மாட்டற எதையும் நாங்க தொட மாட்டோம். மெக்கானிக்கக் கேட்டா கரன்ட்டு ஐட்டம்பான்.”

இதுதான் நம் தொழிலின் நோய். பெயின்டருக்கு அது பெயின்ட்டுக்குத் தடை, மெக்கானிக்குக்கு அது மின்சாரம், எலெக்ட்ரீஷியனுக்கு அது போல்ட்டு. மூன்று பேரும் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். போட்டியின் விதிப்படி எஞ்சின் அறையில் பெயின்ட் இல்லாத இரும்பு தெரிந்தால் மதிப்பெண் குறையும். குறையவில்லை. கோப்பை கிடைத்தது. கோப்பை கொடுத்ததும் நயாஸை நீக்கியதும் ஒரே குழு.

நயாஸின் ஷெட்டில் ஏன் புகையவில்லை என்பது அதற்குப் பிறகு விளங்கியது. அவன் எப்போதும் கறுப்புக் கிளிப்பை எஞ்சின் இரும்பிலேயே மாட்டுவான். அது சரியான பழக்கம், நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்படி மாட்டும்போது மின்சாரம் எஞ்சினிலிருந்து நேராக ஷெட் பேட்டரிக்குத் திரும்பிவிடும், ஸ்ட்ராப்பின் வேலையே இல்லை. சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் நொடியில் பிடித்துவிடும், கேபிள் சுட நேரமில்லை. சொந்த பேட்டரி, குளிர்ந்த எஞ்சின், நீண்ட முனகல், மூன்றும் சேரும் இடம் டாக்டரின் போர்ட்டிகோவும் விடிகாலைக் கூட்டங்களும் மட்டுமே. அவனுடைய நல்ல பழக்கம்தான் கோளாறை அவன் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அதே கிளிப்பை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஷெட்டில் உட்கார்ந்து மேலும் பத்து நாள் சிந்தித்திருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் விதி, சிந்தி என்று சொல்வதில்லை, காண் என்கிறது.

ஸ்ட்ராப்பைக் கழற்றி, எமரித் தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு பல் வைத்த வாஷர் போட்டு நயாஸ் இறுக்கினான். வெந்த சோக் கேபிளையும் மாற்றினான். இப்போது மாற்றலாம், கண்டாகிவிட்டது. டாக்டர் பொத்தானை அழுத்தினார். அரை உயிர் என்று எல்லோரும் நினைத்திருந்த அந்த பேட்டரி எஞ்சினைச் சுழற்றிய வேகத்தில் அவரே திடுக்கிட்டார்.

எஞ்சினை அணைத்தார். பிறகு டாக்டர் நயாஸைக் கூப்பிட்டார். “நான் உன்னைப் பொய்யன்னு சொன்னேன்.”

“பரவாயில்ல மேடம்.”

“பரவாயில்லன்னு நீ சொல்லாத, தப்பு என்னோடது. உள்ள வா, டிபன் சாப்பிட்டுட்டுப் போ. சாரும் வரட்டும், கை கழுவிட்டு.”

அன்றே அறிக்கை எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். கண்டது, கண்ட விதம், சரிசெய்தது, இப்போதைய நிலை. கேபிளின் மறுமுனை பெட்ரோலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதையும் எழுதினேன். அதை டாக்டரிடம் டிபன் முடியும்வரை சொல்லவில்லை. நயாஸின் பெயரைத் திரும்பச் சேர்க்கவும், புகைந்ததால் ஞாயிற்றுக்கிழமை ராலியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டிருந்த அந்த வண்டியை அனுமதிக்கவும் கேட்டிருந்தேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. சனிக்கிழமை தலைவரை அழைத்தேன்.

“படிச்சேன் ஸ்வாமி. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா குழு கூடாம நான் ஒருத்தன் எப்படி முடிவெடுக்கறது?”

“நீக்கறதுக்குக் குழு கூடிச்சா?”

“அது அவசரம்.”

“அவன் திங்கக்கிழமை ஹெப்பகோடி போறான். அதுவும் அவசரம்தான்.”

“ராலி முடியட்டும். அடுத்த மாசக் கூட்டத்துல கட்டாயம் வைக்கறேன். வேற வழியில்ல.”

நான் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “ராலில கலந்துக்கக் கூடாது, அவ்வளவுதான? ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லையே?” என்றார். விதிகளை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ராலி புறப்படும் பள்ளி மைதானத்தின் வாசலுக்கு நேர் எதிரே, மரத்தடியில், ஆலிவ் பச்சைக் கார் வந்து நின்றது. டாக்டர் எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். பக்கத்து இருக்கையில் நயாஸ். சலவைச் சட்டை, கட்டாயப்படுத்தி உட்கார வைத்த முகம். பின்னிருக்கையில் நான்.

“எதுக்கு மேடம் இது? எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்னுதான் வந்திருக்கோம். காபி குடி.”

எஞ்சின் ஆற வேண்டும், அதுதான் எங்களுக்குத் தேவை. அதற்குச் சிறப்பு விருந்தினர் உதவினார். பாரம்பரியத்தைப் பற்றி அவர் பேசிய நேரத்தில் எந்த எஞ்சினும் ஆறியிருக்கும். வாசலுக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டத் தொடங்கியதும், தலைவர் கையில் கொடியோடு நடைபாதைக்கு வந்தார். எங்களைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குழு முழுவதும் நின்றது. நயாஸிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துப்போன இரண்டு உரிமையாளர்களும் நின்றார்கள். சாலையைக் கடந்து எங்களிடம் வந்தார்கள். அந்தச் சங்கத்தில் ஏதாவது எரியப்போகிறது என்றால் யாரும் தள்ளி நிற்க மாட்டார்கள்.

“மேடம், வேண்டாம், ரிஸ்க் எடுக்காதீங்க” என்றார் தலைவர்.

டாக்டர் சோக்கை இழுத்தார். “கை வைங்க சார்” என்றார் அவரிடம். “இந்தக் குமிழி மேல. பதட்டம் எனக்கா உங்களுக்கான்னு பார்க்கலாம்.”

தலைவர் ஜன்னல் வழியாக எட்டிக் குமிழியின் மேல் விரல் வைத்தார். டாக்டர் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் உறுமிப் பிடித்தது. தலைவர் விரலை எடுக்கவில்லை. குனிந்து டேஷ்போர்டின் அடியில் மோந்துகூடப் பார்த்தார்.

“புகை வேணுமா சார்?” என்றான் நயாஸ், அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தன் பழைய குரலில். “பீடி இருக்கு. பத்த வெச்சுத்தான் காட்டணும்.”

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், அதை நான் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். அந்த இரண்டு உரிமையாளர்களில் ஒருவர் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டு, சுரண்டிய இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். “நயாஸ், நாளைக்குக் காலையில கடை திறப்பியா?” என்று கேட்டார்.

நயாஸ் என்னைப் பார்த்தான். ஹெப்பகோடியில் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு நிற்க வேண்டும். பட்டியலில் பெயர் இன்னும் இல்லை. ஆலோசகனுக்கு ஓட்டு கிடையாது.

“திறப்பேன்” என்றான்.

ராலி வண்டிகள் எல்லாம் போன பிறகு, சாதாரணப் போக்குவரத்தில் ஒருவராக, டாக்டர் அவற்றின் பின்னாலேயே ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை அணைத்து, பச்சை விழுந்ததும் போட்டார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் எங்கள் மூன்று பேரின் பரம்பரையையும் கன்னடத்தில் விசாரித்தார்கள்.

மறுநாள் காலை ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஷெட்டின் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே டாக்டரின் காருக்குப் பதில் வேறு ஒரு கார், அதன் அடியிலிருந்து நயாஸின் கால்கள். சந்தில் இன்னொரு வண்டி இடத்துக்காகக் காத்து நின்றது. மச்சான் போனில் திட்டிக்கொண்டிருந்தான், ஸ்பீக்கரில். நயாஸ் ஸ்பேனரை நிறுத்தாமல் அவனுக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் என் கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. குழுவின் பதில், சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதமாக இணைக்கப்பட்டிருந்தது. ஆலோசகரின் அறிக்கை முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. திரு. நயாஸின் பெயர் பட்டியலில் தொடர்கிறது. டாக்டர் ஸ்டெல்லாவின் கார் ஞாயிற்றுக்கிழமை ராலியில் கலந்துகொள்ள அனுமதிக்கப்படுகிறது. நயாஸ் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, கிரீஸ் படாத முழங்கையால் திரையைத் தள்ளி, இரண்டு தடவை படித்தான்.

“தொடர்கிறதுன்னு போட்டிருக்காங்க சார். அப்ப நடுவுல போகவே இல்லையா?”

“போகல போலிருக்கு.”

“ராலிக்கும் பர்மிஷன் கொடுத்திருக்காங்களே. முந்தாநாளே முடிவு பண்ணிட்டாங்களா?”

கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்த தேதி, குழு கூடாமல் எப்படி முடிவெடுப்பது என்று தலைவர் என்னிடம் கேட்ட அதே சனிக்கிழமை. அது வந்து சேர்ந்தது திங்கட்கிழமை.